முதல் கிராஃபிக்ஸ் கார்டு: கையில் 1,300 மலேசிய வெள்ளி, 2021இல் பொருத்திய கணினி, 40 மணி நேர வீடியோ

லயத்துப்பெண் (சுங்கை சிப்புட், பேராக், மலேசியா)

எல்லாருக்கும் வணக்கம். பகலில் ஒரு கிளினிக்கில் பதிவு முகப்பில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் கல்யாணம், நிச்சயதார்த்தம், கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்துக் கொடுக்கிறேன்.

கணினியின் பாகங்களை நானே பொருத்தினேன். 2021, கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். இன்டெல் ஐ5-10400 புராசசர், எச்410 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஈப்போவில் வாங்கிய கறுப்புப் பெட்டி. அப்போது கிராஃபிக்ஸ் கார்டு (படத்தைக் கணக்கிட்டுத் திரைக்கு அனுப்பும் தனி அட்டை) கிடைப்பதே அரிது. கிடைத்த இடத்தில் விலை இரண்டு மடங்கு. புராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியான யுஎச்டி 630 போதும் என்று விட்டுவிட்டேன். இத்தனை நாள் அது உழைத்ததைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது போதவில்லை. என்ன வேலைக்கு என்று சொல்லாமல் கார்டு கேட்கக்கூடாது என்று இங்கே பலமுறை படித்திருக்கிறேன். ஆகவே வேலையைச் சொல்கிறேன்.

நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்துவிட்டார்கள். தாத்தா காலத்தில் ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய்த் தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) வரப்போகிறது. கடைசி வரை நின்றது மாரியம்மன் கோயில். போன வருடம் அங்கே கடைசித் திருவிழா நடந்தது. கிள்ளான், ரவாங், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று போய்விட்ட குடும்பங்கள் எல்லாம் திரும்பி வந்தன. இரண்டு கேமராவில் எடுத்தேன். வந்தவர்கள் கைப்பேசியில் எடுத்ததையும் ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கினேன். தோட்டத்தின் பழைய கிராணி (எழுத்தர்) வீட்டில் 1994ஆம் ஆண்டுத் திருவிழாவின் வீடியோ நாடா ஒன்று கிடைத்தது. அதையும் கணினிக்கு மாற்றிவிட்டேன். அதில் என் பாட்டி தீச்சட்டி ஏந்தி வருகிறார். பாட்டி நடக்கும் படம் எங்கள் குடும்பத்தில் வேறு எதுவும் இல்லை.

மொத்தம் 40 மணி நேரம். தீபாவளிக்கு முன் இரண்டு மணி நேரப் படமாக வெட்டி எல்லாக் குடும்பங்களுக்கும் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

வீடியோ வெட்டும் மென்பொருள் டாவின்சி ரிசால்வ், அதன் ஸ்டுடியோ பதிப்பு வைத்திருக்கிறேன். ஒரு கல்யாணக் காசில் வாங்கியது. 4கே காட்சியில் நிறம் திருத்தத் தொடங்கினாலே படம் நொண்டுகிறது. 1994 நாடாவில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைக் குறைக்கப் போனால், ஜிபியு (கிராஃபிக்ஸ் சில்லு) நினைவகம் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. சோதனைக்காக 18 நிமிடப் பகுதி ஒன்றை முடித்த வீடியோ கோப்பாக முழுதாக வெளியேற்றிப் பார்த்தேன். 3 மணி 10 நிமிடம் ஆனது.

ஈப்போவில் விசாரித்தபோது ஒரு கடைக்காரர் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டைச் சலுகை விலைக்குத் தருகிறேன் என்றார். புதிய ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி, 800 வெள்ளிக்குச் சற்று மேலே. இணையத்தில் ஒருவர் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3060ஐ 850 வெள்ளிக்கு விற்கிறார். கணினிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பவர் சப்ளையின் பக்கவாட்டில் 500 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. எதை வாங்கட்டும்? வாங்கினால் இந்தப் பெட்டி தாங்குமா?

பீடோர்_இளையவன்

அக்கா, நான் 6500 எக்ஸ்டிதான் வைத்திருக்கிறேன். விளையாட்டுக்கு நன்றாகவே இருக்கிறது, சூடும் அதிகம் இல்லை. மீதிப் பணத்தில் இன்னும் 16 ஜிபி ரேம் போட்டுவிடலாம். பயன்படுத்திய கார்டு வாங்கவே வேண்டாம். என் நண்பன் ஒருவன் வாங்கி, இரண்டு மாதத்தில் திரையெல்லாம் கோடு விழுந்துவிட்டது.

கூலிம்_இரவுப்பணி

தங்கச்சி, பதில் சொல்வதற்கு முன் ஒரு வேலை. கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படியுங்கள். பெரிய எழுத்தை விட்டுவிடுங்கள். சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கும். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது? அந்த ஓர் எண்தான் எனக்கு வேண்டும்.

அது வரும் வரை கார்டைப் பற்றிச் சொல்கிறேன். பீடோர் தம்பி விளையாட்டுக்குச் சொன்னது சரி. உங்கள் வேலைக்கு 6500 எக்ஸ்டி வேண்டவே வேண்டாம். அதன் நினைவகம் 4 ஜிபி. 4கே காட்சியில் இரைச்சல் குறைக்கப் போனால், இப்போது பார்க்கும் அதே அறிவிப்பை மறுபடியும் பார்ப்பீர்கள். அடுத்தது, அந்தக் கார்டு மதர்போர்டுடன் பேசுவது நான்கு பாதையில் மட்டும். பிசிஐஇ (கார்டும் போர்டும் பேசும் இணைப்பு) 4.0 உள்ள போர்டில் அது சமாளித்துவிடும். எச்410 போர்டில் இருப்பது 3.0. பாதைக்கு ஏறக்குறைய நொடிக்கு 1 ஜிபி என்று வைத்தால் மொத்தம் 4 ஜிபிதான் போய்வர முடியும், பாதி வேகம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடியோவை எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகளில் வெளியேற்றும் சில்லுப் பகுதியே அந்தக் கார்டில் கிடையாது. வீடியோ வேலை செய்பவருக்கு இது பெரிய குறை.

3050, 6 ஜிபி மோசமில்லை. 70 வாட்தான் இழுக்கும். மதர்போர்டின் செருகுமிடமே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் தனி மின்கம்பி தேவையில்லை. பவர் சப்ளை மோசமாக இருந்து, அதை மாற்றவும் வழியில்லை என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் 3060 கிடைத்தால் அதை விடாதீர்கள். 12 ஜிபி நினைவகம். ரிசால்வுக்கு நினைவகம்தான் முதல். விற்பவரிடம் 12 ஜிபிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அதே பெயரில் 8 ஜிபி வகையும் பின்னால் வந்தது. பெயரைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

புராசசரை மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள். கேட்க வேண்டாம். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், இந்த வேலைக்குப் போதும். புராசசர் வந்த அட்டைப்பெட்டி கையில் இருந்தால் எந்த நாட்டில் செய்தது என்று பாருங்கள். மலேசியா என்று இருக்கலாம். இன்டெல் 1972இல் பினாங்கில் ஆலை தொடங்கியது. என் அம்மா 1980களில் விடியற்காலை தோட்டத்து வாசலில் தொழிற்சாலை பஸ் ஏறி பினாங்கின் தொழிற்சாலைப் பகுதியான பாயான் லெப்பாசுக்குப் போனவர். நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிய தலைமுறை அது. சில்லு என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வந்துவிடுகிறது.

இன்னொன்று: உங்கள் கேமரா எந்த முறையில் பதிகிறது? நிற விவரத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்று காட்டும் எண்கள் இருக்கும்: 8 பிட்டா 10 பிட்டா, 4:2:0வா 4:2:2வா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

லயத்துப்பெண்

அண்ணா, பணி முடிந்து வந்ததும் இரவில் கழற்றிப் பார்த்தேன். பெட்டிக்குள் சிவப்பு மண் தூசு ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. பவர் சப்ளை ஓரத்தில் பல்லி முட்டை இரண்டு, ஒன்று பொரிந்து ஓடு மட்டும் இருந்தது. தூரிகையால் மெதுவாக எடுத்துவிட்டேன்.

காகிதம் பாதி உரிந்திருந்தது. கைவிளக்கு அடித்துப் படித்தேன். 12 வோல்ட், 18 ஆம்பியர்.

12ஐ 18ஆல் பெருக்கினால் 216. பக்கவாட்டில் 500 என்று என் உள்ளங்கை அகலத்துக்கு எழுதியிருக்கிறது! கார்டுக்கும் புராசசருக்கும் மின்சாரம் போவது இந்த 12 வோல்ட் வழியில்தானே? மீதி வாட் எங்கே போனது என்றே எனக்குப் புரியவில்லை. இந்த நான்கு வருடமும் இதை நம்பித்தான் மற்றவர்களின் கல்யாண வீடியோவை எல்லாம் இதில் வைத்திருந்தேன்.

கேமரா: பழையது 8 பிட், 4:2:0. புதியது எச்.265, 10 பிட், 4:2:2 என்று காட்டுகிறது. திருவிழாவின் முக்கியமான பகுதி எல்லாம் புதியதில்தான்.

இன்னொரு சந்தேகம், சம்பந்தம் உண்டா தெரியவில்லை. கணினி ஓடும்போது பெட்டியின் பின்னால் இருக்கும் திருகைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஒரு கூச்சம். தரையில் வெறுங்காலோடு நின்றால் கூடுதலாகத் தெரிகிறது. அம்மா தொட்டால் பயந்து கையை எடுத்துவிடுகிறார்.

பழைய_மின்கம்பியர் (தைப்பிங்)

அம்மா, கார்டு பேச்சை ஒரு நாள் தள்ளி வையுங்கள். நீங்கள் கடைசியில் கேட்டதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

விரலில் சுருக்கென்றால் பெட்டிக்கு எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் கம்பி, சேரவில்லை. பவர் சப்ளைக்குள் நுழையும் இடத்தில் மின் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று லைவிலிருந்து பெட்டித் தகட்டுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து தகட்டுக்கு. எர்த் சரியாக இருந்தால் அந்தச் சொற்ப மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் தகடு நடுவில் தொங்கும். நம் ஊர் 230 வோல்ட்டில் பாதி, 115 வோல்ட் அளவு அந்தத் திருகில் நிற்கும். ஓட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் தெரிகிறது. பவர் சப்ளை உள்ளே பழுதாகி லைவ் நேராகத் தகட்டில் பட்டால் கதை வேறு. வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும் வீடு நம் வீடு.

சுவர்ச் செருகியிலிருந்து கணினி வரை என்னென்ன இருக்கிறது? நடுவில் நீட்டிப்புக் கம்பி இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். மூன்று முனை பிளக்கும் மூன்று துளையும் வெளியே இருக்கும், உள்ளே ஓடுவது இரண்டே கம்பி. நாற்பது வருடத்தில் எத்தனையோ பார்த்துவிட்டேன். அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். கூச்சம் நின்றால் கம்பிதான் குற்றவாளி. நிற்காவிட்டால் வீட்டு எர்த்தை உரிமம் உள்ள மின்கம்பியர் ஒருவரை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், நீங்களே கை வைக்க வேண்டாம்.

மாலையில் இடி இறங்கும் ஊர் சுங்கை சிப்புட். மேகம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. இணையக் கம்பியையும் சேர்த்துப் பிடுங்குங்கள். 1994 நாடாவை வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்து உறவினர் வீட்டில் வையுங்கள். கார்டு போனால் வாங்கலாம்.

கூலிம்_இரவுப்பணி

ஐயா சொன்னதை முடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

216 வாட் என்றால் 3060ஐ அதில் மாட்டாதீர்கள். ஒரு நாள் கூட வேண்டாம். கார்டு மட்டும் 170 வாட். புராசசர் முழு வேகத்தில் 100ஐத் தொடும். போர்டு, ரேம், விசிறி, வன்தட்டு எல்லாம் சேர்த்தால் 300ஐத் தாண்டும். 3060இன் சில்லைத் தரும் நிறுவனமான என்விடியா அதற்குச் சொல்வது 550 வாட் பவர் சப்ளை. நேர்மையான 550 வாட் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் அளவு இருக்கும். கடையில் அட்டைப்பெட்டியைத் திருப்பி அந்த எண்ணை நீங்களே படித்துவிட்டுக் காசு கொடுங்கள். 80 பிளஸ் வெண்கல (Bronze) முத்திரையும் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) ஐந்து வருட உத்தரவாதமும் உள்ளதாகப் பாருங்கள். 3060க்கு 850 போனாலும் இதற்கு இடம் இருக்கிறது. ரேமை அடுத்த கல்யாணக் காசில் வாங்கலாம்.

4:2:2 பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமாக இருக்கக்கூடாது. எச்.265, 10 பிட், 4:2:2 காட்சியின் சுருக்கத்தைப் பிரித்துக் காட்டும் வன்பொருள் 3060இல் இல்லை. 4060இலும் இல்லை. என்விடியாவில் 50 வரிசையிலிருந்துதான் வந்தது. இன்டெல் 11ஆம் தலைமுறை புராசசரின் உள்வரைகலையில் (உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியில்) இருக்கிறது, உங்களுடையது 10. ஆகவே அந்தக் கேமராவின் காட்சி மட்டும் கார்டு வந்த பிறகும் வெட்டும்போது கொஞ்சம் நொண்டும். வழி எளிது: ரிசால்விலேயே அந்தக் காட்சிகளுக்குப் பாதி அளவில் பிராக்சி (எளிதாக ஓடும் தற்காலிகப் பிரதி) செய்துகொள்ளுங்கள். இரவு ஓடவிட்டுத் தூங்கலாம். வெட்டுவது பிராக்சியில், கடைசியில் வெளியேற்றும்போது மூலக் காட்சி. நிறம் திருத்துவது, இரைச்சல் குறைப்பது எல்லாம் கார்டின் மேல்தான் ஏறும். அங்கே வித்தியாசத்தைப் பார்ப்பீர்கள்.

பயன்படுத்திய கார்டு பயம் நியாயமானது. 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற இணைய நாணயம் தன் முறையை மாற்றியதும், அதுவரை நாணயம் தோண்டிய கார்டுகள் சந்தைக்குள் வந்து குவிந்தன. தோண்டிய கார்டு எல்லாமே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்காமல் வாங்குவதுதான் தவறு. விற்பவர் வீட்டுக்கே போங்கள். அவர் கணினியில் மாட்டி அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டச் சொல்லுங்கள். விசிறி இரண்டும் சீராகச் சுற்றுகிறதா, கரகரவென்று சத்தமா, திரையில் புள்ளி தெறிக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தியதும் கார்டை முகர்ந்து பாருங்கள், கருகல் வாசம் மறையாது. செருகும் பொன்னிறப் பற்களில் பச்சைத் துரு இருந்தால் திரும்பிவிடுங்கள். நம் ஈரக் காற்றில் மூடாமல் வைத்த கார்டு அப்படித்தான் ஆகும்.

பெட்டிக்குள் நீளமும் அளந்துகொள்ளுங்கள்.

லயத்துப்பெண்

முடிந்தது. நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் எர்த். ஐயா சொன்னபடி நேராகச் சுவரில் செருகியதும் திருகில் கூச்சம் இல்லை. நீட்டிப்புக் கம்பி இரவுச் சந்தையில் வாங்கியது. அதை எங்கள் தாமானில் இருக்கும் மின்கம்பியர் மாமாவிடம் காட்டினேன். பிளக்கைத் திறந்து காட்டினார். பழுப்பு ஒன்று, நீலம் ஒன்று. பச்சை மஞ்சள் கம்பி இருக்க வேண்டிய பித்தளைத் திருகு வெறுமையாக, புதிதாகவே மின்னிக்கொண்டிருந்தது. ஒருநாளும் யாரும் அதைத் திருகியதே இல்லை. அம்மா அந்தக் கணினிப் பக்கம்தான் தினமும் தரை துடைப்பார். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை அண்ணனுடன் மோட்டாரில் ஈப்போ போனேன். பவர் சப்ளையை முதலில் வாங்கினேன். 550 வாட், வெண்கல முத்திரை, 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் என்று நானே படித்தேன். 240 வெள்ளி. பிறகு கார்டு விற்பவர் வீடு. நல்ல மனிதர், அரை மணி நேரத்துக்கு முகம் சுளிக்கவில்லை, தேநீர் கூடக் கொடுத்தார். 12 ஜிபிதான், சூடு 71 பாகைக்கு மேல் போகவில்லை. 20 வெள்ளி குறைத்துக்கொண்டார். மழைக்கோட்டுக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்தபடி 30 கிலோமீட்டர் வந்தேன்.

அம்மாவின் தையல் நாடாவால் பெட்டிக்குள் 265 மில்லிமீட்டர் அளந்து வைத்திருந்தேன். கார்டு அதற்குள் அடங்கியது. ஆனால் பவர் சப்ளையின் தடித்த கம்பிகள் வன்தட்டுக் கூண்டில் முட்டின. வன்தட்டைக் கீழ்த் தட்டுக்கு மாற்றிக் கம்பியைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்தேன். செருகுமிடத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாள் டக்கென்று விழும் வரை அழுத்த வேண்டும். அந்தச் சத்தம் வருவதற்கு முன்பே நான் திருகை முடுக்கப் பார்த்தேன், அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

போட்டதும் திரை கறுப்பு. விசிறி எல்லாம் ஓடுகிறது, படம் மட்டும் இல்லை. வயிறு கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி கழற்றத் தொடங்கியபோதுதான் கண்ணில் பட்டது: திரையின் கம்பி இன்னும் மதர்போர்டின் துளையில் இருந்தது. கார்டின் துளைக்கு மாற்றியதும் படம் வந்தது. புதிதாக மாட்டுகிறவர்கள் இதை முதலில் பாருங்கள்.

பழைய 18 நிமிடப் பகுதியையே மறுபடி வெளியேற்றினேன். 3 மணி 10 நிமிடம் ஆனது இப்போது 21 நிமிடம். மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

அதைவிட எனக்குப் பெரியது 1994 நாடா. இரைச்சலைக் குறைத்ததும் பாட்டியின் முகத்தில் இருந்த புள்ளிகள் அடங்கின. தீச்சட்டியிலிருந்து எழும் புகைக்குப் பின்னால் பாட்டியின் உதடு அசைகிறது. ஒலியில் மேளம்தான் கேட்கிறது, ஆனால் அம்மா உதட்டைப் பார்த்தே என்ன பாட்டு என்று சொல்லிவிட்டார். அதிகமாகக் குறைத்தால் முகம் மெழுகு போல ஆகிவிடுகிறது, ஆகவே பாதியில் நிறுத்தினேன்.

பீடோர்_இளையவன்

அக்கா, நான் சொன்னதைக் கேட்டு வாங்காதது நல்லதாகப் போயிற்று. நானும் என் பவர் சப்ளை காகிதத்தைப் படித்தேன், 38 ஆம்பியர் இருக்கிறது. நீட்டிப்புக் கம்பியை இன்று மாற்றிவிட்டேன்.

கூலிம்_இரவுப்பணி

தங்கச்சி, மகிழ்ச்சி. பயோஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரையில்) உள்வரைகலையை அணைக்காமல் வைத்திருக்க ஓர் அமைப்பு இருக்கும், அதை இயக்கி விடுங்கள். கைப்பேசிக் காட்சிகளின் சுருக்கத்தைப் பிரிக்க யுஎச்டி 630ஐயும் சில மென்பொருள்கள் பயன்படுத்தும். வேலை செய்துகொண்டே இருக்கட்டும். கைப்பேசிக் காட்சிகளில் பிரேம் வேகம் ஏறி இறங்கும். ஒலி நழுவினால், ஒரே வேகத்துக்கு மாற்றிவிட்டு வெட்டுங்கள். நாடா பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் பதிந்தது, நொடிக்கு 25 பிரேம். திட்டத்தையும் 25இல் வைத்தால் பாட்டியின் நடை இடறாது.

லயத்துப்பெண்

வைத்துவிட்டேன் அண்ணா, 25. 4:2:2 காட்சிகளுக்குப் பிராக்சி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் 6 மணி நேரம் காட்டுகிறது. வெளியே இடி இல்லை. நாடாவின் பிரதி ஒன்றை நாளை சித்தப்பா கிள்ளானுக்கு எடுத்துப் போகிறார்.